மரியாதை யாருக்குரியது? – ஃபேனி லூ ஹேமரின் வாழ்க்கை

எனக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடைத்த நாளில் அப்பா ஓர் அறிவுரை சொன்னார். சாலைத் தடுப்பில் காவலர் நிறுத்தினால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் குரல் உயரக் கூடாது. மரியாதையாக நடந்துகொள்பவனுக்கு எந்தத் தொல்லையும் வராது என்று சொல்லி முடித்தார். நான் அதை முழுமையாக நம்பினேன். தொல்லைக்கு ஆளானவர்களைப் பற்றிச் செய்தி படிக்கும்போதெல்லாம், அவர்கள் ஏதாவது மரியாதைக் குறைவாகப் பேசியிருப்பார்கள் என்றே எண்ணிக்கொள்வேன்.

பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு படித்தபோது, அங்குள்ள கறுப்பினப் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு இதே அறிவுரையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதை அறிந்தேன். கைகளைக் காவலரின் கண்ணில் படும்படி வைத்துக்கொள், திடீரென்று அசையாதே, எதிர்த்துப் பேசாதே என்று அவர்களும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்கிறார்கள். அப்படிப் படித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் ஃபேனி லூ ஹேமர் என்னும் பெண்மணியின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது. என் நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அவருடன் இருந்தவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். அப்படியிருந்தும் அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பருத்திக் காட்டில்

ஃபேனி லூ 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியில், மாண்ட்கோமெரி மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோருக்கு 20 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. இவருக்கு 2 வயதானபோது குடும்பம் சன்ஃபிளவர் மாவட்டத்திற்குக் குடிபெயர்ந்தது. பிறர் நிலத்தில் பருத்தி விளைவித்து, விளைச்சலில் பாதியை நிலக்காரருக்குக் கொடுக்கும் வாரமுறையில் அவர்கள் பிழைத்தார்கள். விதை, உரம், உணவு எல்லாவற்றையும் நிலக்காரரிடமே கடனாக வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும்.

ஃபேனி லூவுக்கு 6 வயதிருக்கும்போது, அந்த வாரத்தில் 30 பவுண்டு பருத்தி பறித்துக் கொடுத்தால் கடையிலிருந்து தின்பண்டம் தருவதாக நிலக்காரர் ஆசை காட்டினார். சிறுமி பறித்துக் கொடுத்தாள். தின்பண்டமும் கிடைத்தது. அதோடு அவள் அந்தக் காட்டின் கூலிகளில் ஒருத்தியானாள். 13 வயதில் நாளொன்றுக்கு 200 பவுண்டுக்கு மேல் பறிக்கும் கை அவருக்கு வாய்த்துவிட்டது. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சற்று ஊனம். அதோடுதான் அத்தனை வேலையும். பள்ளிக்கூடம் என்பது அறுவடை முடிந்த சில மாதங்களுக்கு மட்டும். அதுவும் ஆறாம் வகுப்போடு நின்றுபோயிற்று.

ஒரு முறை தந்தை மிச்சம் பிடித்து, கோவேறு கழுதைகளும் மாடுகளும் வாங்கினார். சொந்தமாக உழும் நிலைக்குக் குடும்பம் உயர இருந்த வேளையில், யாரோ ஒரு வெள்ளையர் தீவனத்தில் நஞ்சைக் கலந்துவிட்டார். கால்நடைகள் செத்தன. குடும்பம் பழைய நிலைக்கே திரும்பியது.

அந்த வறுமையிலும் தாய் ஒன்றைச் செய்தார். நாம் ஏன் வெள்ளையராகப் பிறக்கவில்லை என்று ஒரு நாள் மகள் கேட்டாள். தாய் அவளைக் கண்டித்ததோடு விடவில்லை. கறுப்பு நிறப் பொம்மை ஒன்றை எப்படியோ தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தார். கறுப்பினப் பெண்ணாகத் தன்னைத் தானே மதிக்கக் கற்றுக்கொண்டால்தான் மற்றவர் மதிப்பர் என்று மகளுக்குச் சொல்லி வளர்த்தார். அந்தப் பொம்மையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. மரியாதை பற்றி என் வீட்டில் எனக்குக் கிடைத்த பாடத்துக்கும், அந்தச் சிறுமிக்கு அவள் வீட்டில் கிடைத்த பாடத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1940-களில் பெரி ஹேமர் என்பவரை மணந்து, ரூல்வில் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் குடியேறினார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் பறித்த பருத்தியின் எடையையும் வேலை நேரத்தையும் குறித்து வைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. நம் தோட்டப்புற வழக்கில் சொன்னால் கிராணி வேலை. நிறுவையில் நிலக்காரர் கள்ள எடைக்கல் வைத்திருப்பதைக் கண்ட அவர், பார்க்க ஆளில்லாத நேரத்தில் சரியான எடைக்கல்லை மாட்டித் தொழிலாளருக்கு உரியதைக் கொடுத்தார். பால்மரம் வெட்டி, வாளியோடு நிறுவைக் கொட்டகையில் வரிசை பிடித்து நின்ற நம் பாட்டிமாரிடம் இந்தக் கதையைச் சொன்னால், விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

1961-இல் கட்டி ஒன்றை அகற்ற மருத்துவமனைக்குப் போனவருக்கு, அவரைக் கேட்காமலேயே கருப்பையையும் அகற்றிவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இப்படிச் செய்வது அக்காலத்தில் அம்மாநிலத்தில் வழக்கமாகவே இருந்தது. அவர் பெற்றெடுக்கவில்லை. வளர்த்தெடுத்தார். ஆதரவற்ற பிள்ளைகளைத் தத்தெடுத்துத் தாயானார்.

மஞ்சள் பேருந்து

1962 ஆகஸ்ட்டில் ரூல்வில் தேவாலயத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வந்து பேசினார்கள். கறுப்பினத்தவருக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டதாக ஹேமர் பின்னர் கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 44. பதிவு செய்ய விரும்புவோர் கையைத் தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். நம்மைவிட நாலைந்து வயதே மூத்த மாணவர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் ஒரு பெண் கையைத் தூக்கினார். ஒரு மாநிலத்தின் வரலாறு அந்த இடத்தில் திரும்பியது. மாணவர் அமைப்புகளில் கூட்டம் போட்டுச் சலித்துப்போன நமக்கு இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

ஆகஸ்ட் 31-ஆம் நாள் 18 பேர் ஒரு பழைய பேருந்தில் ஏறி, 26 மைல் தொலைவிலுள்ள இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவைப் படியெடுத்து, அதற்கு விளக்கமும் எழுத வேண்டும் என்பது தேர்வு. வெள்ளை அதிகாரி வைத்ததே மதிப்பெண். கல்லூரியில் படித்தவர்களே இதில் தோற்கடிக்கப்பட்ட காலம் அது. ஹேமரும் தேர்ச்சி பெறவில்லை.

திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை மறித்தார்கள். ஓட்டுநரைக் கைது செய்தார்கள். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? பேருந்தின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்தை ஒத்திருக்கிறதாம். அதே பேருந்துதான் ஆண்டுக் கணக்கில் பருத்திக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அதே சாலைகளில் ஓடியது. அப்போதெல்லாம் அதன் நிறம் எந்தக் காவலரின் கண்ணையும் உறுத்தவில்லை. கூலிகள் வாக்காளர்களாக மாற முயன்ற நாளில்தான் உறுத்தியது. 100 டாலர் அபராதம் கேட்டார்கள். பயணிகள் தம் கைக்காசைத் திரட்டி 30 டாலரைக் கட்டி மீண்டார்கள். அச்சத்தில் உறைந்து கிடந்த பேருந்துக்குள் ஹேமர் மெல்லப் பாடத் தொடங்கினார். தேவாலயத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடல்கள். ஒருவர் சேர்ந்தார், பிறகு இன்னொருவர், பிறகு பேருந்தே பாடியது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவி கிடைத்துவிட்டார் என்று மாணவத் தலைவர்கள் புரிந்துகொண்ட நாள் அது.

அன்று மாலையே நிலக்காரர் வந்து நின்றார். பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் பண்ணையைவிட்டு வெளியேற வேண்டும் என்றார். தாம் அவருக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, தமக்காகப் போனதாக ஹேமர் பதில் சொன்னார். 18 ஆண்டு உழைத்த இடத்தைவிட்டு அன்றிரவே வெளியேறினார். செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு, அவருக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டை நோக்கி 16 குண்டுகள் பாய்ந்தன. அவர் உயிர் பிழைத்தார். டிசம்பரில் மீண்டும் தேர்வு எழுதினார். 1963 சனவரியில் தேர்ச்சி பெற்றார்.

வினோனா சிறை

இனி நான் எழுதப்போவது எழுதுவதற்குக் கடினமானது. ஆயினும் அதைத் தவிர்த்துவிட்டு ஹேமரின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

1963 சூன் 9-ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்தில் நடந்த வாக்காளர் பயிற்சி வகுப்பை முடித்துக்கொண்டு ஒரு சிறு குழு பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தது. மிசிசிப்பியிலுள்ள வினோனா என்னும் ஊரில் பேருந்து நின்றது. சிலர் உணவகத்தில் போய் அமர்ந்தார்கள். மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளின் நிலையங்களில் நிறப் பிரிவினை கூடாது என்று நடுவண் அரசின் போக்குவரத்து ஆணையம் 1961-லேயே விதி செய்திருந்தது. எனவே சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஊர்க் காவல் தலைவரும் நெடுஞ்சாலைக் காவலரும் வந்து வெளியேறச் சொன்னபோது அவர்கள் வாதாடவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். குழுத் தலைவியான அன்னெல் பாண்டர் காவல் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள முயன்றார். அவ்வளவுதான், கைது தொடங்கியது. பேருந்தில் அமர்ந்திருந்த ஹேமர் என்ன நடக்கிறதென்று பார்க்க இறங்கினார். அவரையும் பிடித்தார்கள். வண்டியில் ஏறும்போதே உதைத்தார்கள்.

சிறையில் பாண்டரிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல். பேச்சின் முடிவில் சார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு அவர்களைத் தமக்குத் தெரியாது என்று பாண்டர் மறுத்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை அடித்தார்கள். அடியின் ஓசையும் அலறலும் அடுத்த அறைகளுக்குக் கேட்டன. 15 வயதுச் சிறுமி ஒருத்தியும் அடிபட்டாள்.

பிறகு ஹேமரின் முறை வந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். ரூல்வில் என்றார். விசாரித்துப் பார்த்து, வாக்காளராகப் பதிந்த பெண் இவர்தான் என்று தெரிந்துகொண்டார்கள். வேறோர் அறைக்குக் கொண்டுபோய்க் குப்புறப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்த இரண்டு கறுப்பினக் கைதிகளிடம் ஈயம் பொதிந்த தடியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். முதலாமவர் கை சோரும் வரை அடித்தார். பிறகு இரண்டாமவர் அடித்தார். மறுத்திருந்தால் அந்தக் கைதிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். விலகிய ஆடையை ஹேமர் இழுத்து மூட முயன்றார். அதைக்கூட ஒரு வெள்ளையர் அனுமதிக்கவில்லை.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு கண்ணில் இரத்தம் கட்டியது. கால் ஊனம் முன்னைவிட மோசமானது. அவர் பிறந்ததும் அதே மாண்ட்கோமெரி மாவட்டம். பிறந்த மண்ணின் சிறையில் 45 வயதில் அவர் அப்படிக் கிடந்தார்.

அந்தச் சிறையில் சிறைக் காவலரின் மனைவி அவர்களுக்குக் குளிர்ந்த நீர் கொண்டுவந்து கொடுத்தார். ஹேமர் அந்தப் பெண்ணிடம் பரிவோடு பேசினார். மனித இனங்கள் எல்லாம் ஒரே இரத்தத்தால் ஆனவை என்னும் கருத்துள்ள விவிலியப் பகுதியைக் குறிப்பிட்டு, வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்க்கும்படி சொன்னார். உடம்பெல்லாம் காயத்தோடு ஒருவர் இப்படிப் பேச முடியுமா என்று நான் வியந்ததுண்டு. அதைப் பணிவு என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எதிரில் நிற்பவர் யாராயினும் அவரை மனிதராக நடத்துவது என்பது அவர் தாமாக எடுத்துக்கொண்ட முடிவு. தடியால் வாங்கக்கூடிய சார் என்னும் சொல் அது அன்று.

சூன் 12-ஆம் நாள் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அன்று அதிகாலைதான் அம்மாநிலத்தின் உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

பெயர் சொல்லும் முறை

அக்காலத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் எவ்வளவு வயதானாலும் திரு, திருமதி என்னும் அடைமொழி அவர்களுக்குக் கிடையாது. எழுபது வயது முதியவரும் பையன்தான். வெள்ளைச் சிறுவனையோ சார் என்றுதான் அழைக்க வேண்டும். 1963-இல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹேமில்டன் என்னும் கறுப்பினப் பெண், அரசு வழக்கறிஞர் தம்மை வெறும் மேரி என்று அழைத்தவரை பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. சாட்சிக் கூண்டில் நிற்பவரை மரியாதையோடு அழைப்பதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தமிழ் பேசும் நமக்கு இது எளிதில் விளங்கும். நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் இடையில் எத்தனை தூரம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவரை ஒருமையில் அழைக்கும்போது, அடி விழுவதற்கு முன்பே ஓர் அடி விழுந்துவிடுகிறது. மரியாதைச் சொல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போகிறது, மறுபக்கத்திலிருந்து வருவதில்லை என்றால், அதற்கு மரியாதை என்று பெயரில்லை. அது கப்பம்.

நீதிமன்றமும் மாநாடும்

வினோனா நிகழ்ச்சிக்காகக் காவல் அதிகாரிகள் உட்பட ஐவர்மீது நடுவண் அரசு வழக்குத் தொடுத்தது. 1963 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் மிசிசிப்பி நகரில் விசாரணை நடந்தது. வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு ஐவரையும் விடுவித்தது. சட்டத்தை மீறிய காவலர்களைத் தண்டிக்க அந்தச் சட்டத்தாலேயே முடியவில்லை.

வேறொருவராக இருந்தால் அத்தோடு ஓய்ந்திருப்பார். ஹேமர் ஓயவில்லை. 1964-இல் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். மாநில ஜனநாயகக் கட்சி வெள்ளையரை மட்டுமே பேராளர்களாக அனுப்பியதால், தாங்களே உண்மையான பேராளர்கள் என்று வாதிட 68 பேர் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தேசிய மாநாட்டுக்குப் போனார்கள். அந்தக் கோடையில்தான் வாக்காளர் பணிக்கு வந்த மூன்று இளைஞர்களை ஒரு துணை ஷெரிஃப் சாலையில் மறித்துச் சிறையில் வைத்து, பின் விடுவித்து, கொலைகாரர் கும்பலிடம் சிக்க வைத்தார். ஆகஸ்ட் 4-ஆம் நாள் அவர்களின் உடல்கள் ஓர் அணைக்கட்டின் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டன.

ஆகஸ்ட் 22-ஆம் நாள், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் ஹேமர் சாட்சி சொன்னார். கையில் எழுத்துப் பிரதி இல்லை. தம் பெயர், முகவரி, பேருந்து, நிலக்காரர், குண்டுகள், வினோனா, தடி என்று நடந்ததை நடந்தபடியே வரிசையாகச் சொன்னார். சொன்ன நேரம் சுமார் 8 நிமிடம். அதிபர் லிண்டன் ஜான்சன் பதறிப்போனார். தென் மாநில வெள்ளையரின் ஆதரவு போய்விடும் என்று அஞ்சி, கேமராக்களைத் தம் பக்கம் திருப்புவதற்காக அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். நேரலை துண்டிக்கப்பட்டது. ஆனால் அன்றிரவு தொலைக்காட்சி நிலையங்கள் ஹேமரின் சாட்சியத்தை ஒளிபரப்பின. அதிபர் மறைக்க நினைத்ததை நாடு முழுவதும் பார்த்தது.

சமரசமாக 2 இடங்கள் தருவதாகக் கட்சித் தலைமை சொன்னது. அந்த இருவர் யார் என்பதையும் தலைமையே முடிவு செய்தது. அதில் ஹேமரின் பெயர் இல்லை. பெரிய தலைவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். இவ்வளவு தூரம் வந்தது 2 இடத்துக்காக அன்று என்று ஹேமர் மறுத்தார். படித்தவர்களும் புகழ் பெற்றவர்களும் தயங்கிய இடத்தில் ஆறாம் வகுப்புப் படித்த பெண் தெளிவாக இருந்தார்.

1965 மார்ச் 7-ஆம் நாள் அலபாமாவின் செல்மா பாலத்தில் அமைதியாக நடந்து வந்தவர்களை மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினார்கள். அதையும் நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. ஆகஸ்ட் 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் 100 பேரில் 7 பேர்கூடப் பதிவு பெற்றிருக்கவில்லை. 1967-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 60 ஆனது. 1968-இல் சிகாகோ மாநாட்டில் ஹேமர் பேராளராக அமர்ந்தபோது அவையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நிலமும் பன்றிக்குட்டியும்

வாக்குச்சீட்டு பசியைத் தீர்க்காது என்பதை ஹேமர் அறிந்திருந்தார். 1967-இல் அவருடைய வளர்ப்பு மகள் ஒருத்தி, உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் மாண்டாள். பேத்திமார் இருவரையும் அவரே தத்தெடுத்து வளர்த்தார். 1969-இல் 40 ஏக்கர் நிலத்தில் விடுதலைப் பண்ணை என்னும் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் அது சில நூறு ஏக்கராக விரிந்தது. வாக்குரிமை கேட்டதற்காக வேலையிழந்தவர்கள் அங்கே காய்கறி பயிரிட்டுப் பசியாறினார்கள். பன்றி வங்கி ஒன்றும் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி கொடுப்பார்கள். அது ஈன்றதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பிக் கொடுத்தால், அவை வேறு குடும்பங்களுக்குப் போகும். கடனாலேயே கட்டிப் போடப்பட்ட மக்களுக்கு, கட்டிப் போடாத கடன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். இயற்கைச் சீற்றத்தாலும் பணமுடையாலும் அப்பண்ணை 1970-களின் நடுவில் மூடப்பட்டது.

அவரைத் துறவி போல வரைந்து காட்ட நான் விரும்பவில்லை. தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார். கூட்டாளிகளோடு சண்டையிட்டிருக்கிறார். அகிம்சை இயக்கத்தில் இருந்துகொண்டே, இரவில் வீட்டுக்குக் குண்டு வைக்க வருபவர்களுக்காகப் படுக்கையறையில் துப்பாக்கி வைத்திருந்தார். அவருடைய பொறுமைக்குக் கோழைத்தனம் காரணமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1977 மார்ச் 14-ஆம் நாள் மார்பகப் புற்றுநோயால் மவுண்ட் பேயூ மருத்துவமனையில் காலமானார். வயது 59. வினோனா காயங்கள் கடைசி வரை அவரைவிட்டு நீங்கவில்லை. ரூல்வில்லில், விடுதலைப் பண்ணை நிலத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அப்போது ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ யங் வந்து இரங்கலுரை ஆற்றினார். 2012-இல் அவ்வூரில் அவருக்குச் சிலை எழுந்தது. 2025 சனவரியில் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அடக்கம் யாருக்கு?

2020 மே 25-ஆம் நாள் மின்னியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு காவலர் 9 நிமிடத்துக்கு மேல் முழங்காலை ஊன்றிக் கொன்ற காட்சியை உலகமே பார்த்தது. அவர் கையில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது. மூச்சுவிட முடியவில்லை என்று கெஞ்சியபோதும் அந்தக் காவலரைச் சார் என்று அழைத்ததுதான் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பாண்டர் சொல்ல மறுத்த சொல் அது. மறுத்தவருக்கும் அடி, சொன்னவருக்கும் சாவு. 2021-இல் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 1963-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிடைக்காத தீர்ப்பு 2021-இல் கிடைத்தது. அந்த வேறுபாட்டுக்கு ஹேமர் போன்றவர்களின் உழைப்பே காரணம். ஆனால் உயிர் போன பிறகுதான் கிடைத்தது.

தமிழில் அடக்கம் என்னும் சொல்லும் அடக்குமுறை என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஒன்று தன்னைத் தானே ஆள்வது. மற்றது பிறரை ஆட்டிப் படைப்பது. வலிமையற்றவனிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பவர்கள் பெரும்பாலும் அடக்குமுறைக்குத்தான் வழிவிடுகிறார்கள். திருக்குறளில் அடக்கமுடைமை என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் எல்லாருக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. அத்தோடு வள்ளுவர் நிறுத்தவில்லை. பொருட்பாலில், ஆள்பவனைப் பற்றிப் பேசும் இடத்தில், செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் அடுத்து வெருவந்த செய்யாமை என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். மக்கள் அஞ்சும்படியான செயல்களைச் செய்யாதிருத்தல் ஆள்பவனின் கடமை என்பது அதன் பொருள். கையில் கோல் உள்ளவனுக்குத்தான் கூடுதல் அடக்கம் வேண்டும் என்பது நம் மரபிலேயே உள்ள நீதி. பள்ளியில் அந்த அதிகாரத்தை மனப்பாடம் செய்தபோது எனக்கு விளங்காதது, மிசிசிப்பிப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையைப் படித்த பிறகே விளங்கியது.

அப்பாவின் அறிவுரையை நான் இன்றும் பின்பற்றுகிறேன். எஞ்சினை அணைக்கிறேன், தலைக்கவசத்தைக் கழற்றுகிறேன். பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்னும் கவலையில் பிறந்த அறிவுரை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மரியாதையாக நடந்துகொள்பவனுக்குத் தொல்லை வராது என்று அவர் முடித்த அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னால், தொல்லைக்கு ஆளான ஒவ்வொருவரையும் குற்றவாளியாகப் பார்க்க அவர்களையும் பழக்கிவிடுவேன். அந்த இடத்தில், ஒரு தாய் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்த கறுப்புப் பொம்மையின் கதையைச் சொல்வேன்.